கண்ணாடிப் பெட்டியிலிருந்து பொதுப் பட்டியல் வரை

பேராதனைப் பூங்காவுக்கு ட்ரிப் போகாத பிள்ளை இலங்கையில குறைவு. போய் வந்தவங்ககிட்ட கேட்டா ஓர்கிட் வீடு, தொங்குபாலம், தலைகீழாத் தொங்குற வௌவால் கூட்டம் எண்டு சொல்வாங்க. மரத்தில அடிச்சிருக்கிற சின்னத் தகட்டைப் பற்றி யாரும் சொல்லமாட்டாங்க. ஆனா ஒரு பூங்காவைத் தாவரவியல் பூங்கா ஆக்குறது அந்தத் தகடுதான். அதுக்குப் பின்னால ஒரு பதிவேடு இருக்குது. இந்தச் செடி எந்த நாட்டில், எந்த இடத்தில் எடுக்கப்பட்டது, யார் கொண்டுவந்தார், எந்த ஆண்டு நட்டார்கள், இதிலிருந்து வேறு எங்கே கன்று போனது என்ற விபரம் அதில் இருக்கும். பதிவேடு இல்லாவிட்டால் எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும் அது வெறும் தோட்டம்தான்.

பதிவேடுகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை. இண்டைக்கு உலகத்தில் தாவரவியல் பூங்காக்களுக்கென்று ஓர் உறுப்பினர் வலையமைப்பு இருக்கிறது. அதனால் என்ன பயன் என்று கேட்டால், பயிற்சி, ஆலோசனை, விதை, தகவல் என்று நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த நாலு வரிக்குப் பின்னால் இருக்கிற வரலாற்றில் எங்கட தீவு நடுவில் நிற்கிறது. அதைச் சொல்லாமல் பயனை மட்டும் சொல்வது நியாயமில்லை.

பட்டியலிலிருந்தே தொடங்குவோம். 1670களில் ஒல்லாந்தக் கொம்பனியின் வைத்தியராகக் கொழும்பில் இருந்தவர் பவுல் ஹேர்மன். இங்கே இருந்த காலத்தில் செடிகளைப் பறித்து, காயவைத்து, தாளில் ஒட்டிச் சேர்த்தார். அவர் இறந்த பிறகு அந்தத் தொகுப்பு எங்கே போனது என்றே தெரியாமல் போய், பல பத்தாண்டுகள் கழித்துக் கோப்பன்ஹேகனில் ஒரு மருந்துக்காரரிடம் இருந்தது தெரியவந்தது. அதை வாங்கிப் படித்து, இலங்கைக்கு ஒருநாளும் வராத லின்னேயஸ் 1747 இல் 'ஃப்ளோரா சைலானிக்கா' என்ற நூலை எழுதினார். ஒரு தொகுப்பு ஒரே ஆளின் அலுமாரியில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. அது கிடைத்தது எங்கட அதிர்ஷ்டம். கிடைக்காமல் போனவை எத்தனையோ.

பிரித்தானியர் வந்தபின் 1810 இல் கொழும்பு கொம்பனித்தெருவில் ஒரு தோட்டம் போட்டார்கள். லண்டன் கியூ பூங்காவின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்னும் ஒரு கியூ வீதி இருப்பது அதனால்தான். 1813 இல் தோட்டம் களுத்துறைக்குப் போனது. கண்டி வீழ்ந்தபின் 1821 இல், கண்டி அரசர்களின் நந்தவனமாக இருந்த பேராதனைக்கு அலெக்சாண்டர் மூன் அதைக் கொண்டுபோனார். 1824 இல் மூன் வெளியிட்ட செடிப் பட்டியலில் சிங்களப் பெயர்களும் இருந்தன. அந்தக் காலத்திலேயே ஹர்மானிஸ் டி அல்விஸ் என்ற சிங்கள ஓவியர் பேராதனையில் வேலைக்குச் சேர்ந்து, பல பத்தாண்டுகள் செடிகளை வரைந்துகொண்டே இருந்தார். பூங்கா அதிபர்களின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். இவரின் பெயரைத் தேடித்தான் எடுக்கவேண்டும்.

இனி வருவது வலை.

1830களில் ஒரு சின்னக் கண்டுபிடிப்பு பெரிய மாற்றத்தைச் செய்தது. நத்தானியேல் வார்ட் என்ற லண்டன் வைத்தியர், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடி தன் ஈரத்திலேயே நீண்ட நாள் பிழைத்திருக்கும் என்று கண்டார். அதுவரை கப்பலில் ஏற்றிய கன்றுகளில் பெரும்பாலானவை உப்புக்காற்றிலும் தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் செத்துப்போகும். பெட்டி வந்தபின், கடல் கடந்து உயிரோடு செடி அனுப்புவது சாதாரண வேலை ஆனது. கல்கத்தா, பேராதனை, சிங்கப்பூர், ஜமைக்கா என்று பேரரசின் பூங்காக்கள் எல்லாம் கியூவோடு கட்டப்பட்டன.

எங்கட தீவின் பொருளாதாரமே அந்தப் பெட்டிகளிலும் விதைப் பைகளிலும் வந்திறங்கியது. 1839 இல் கல்கத்தாப் பூங்காவிலிருந்து பேராதனைக்கு அசாம் தேயிலை விதை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867 இல். சிங்கோனாவுக்காக 1861 இல் ஹக்கலைப் பூங்கா திறந்தது. 1876 இல் ஹென்றி விக்ஹம் பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுபோனார். முளைத்தவை 4 சதவீதத்துக்கும் குறைவு. அதில் ஏறத்தாழ 1,900 கன்றுகள் 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு வந்தன. அவற்றுக்காகவே கம்பஹாவில் ஹெனரத்கொடப் பூங்கா உருவானது. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. பிறகு மலாயாவில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். விதை போன வழியிலேயே தமிழ்த் தொழிலாளர்களும் போனார்கள்.

இதை அறிவியல் சாதனை என்று சொல்பவர்கள் உண்டு. சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வலையில் கேட்கிறவர் ஒருவர், கொடுக்கிறவர் பலர். கியூ கேட்டது, மற்றவை கொடுத்தன. பிரேசிலுக்கு என்ன திரும்பிப் போனது? கோப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்த ஆக்களின் பெயர் எந்தப் பூங்காவின் பதிவேட்டிலும் இல்லை. ஒரு செடியின் பயணத்தை இலக்கம் போட்டு எழுதிவைத்த அதே ஆட்சி, வழியில் செத்த மனிதர்களை அந்தக் கவனத்தோடு எழுதிவைக்கவில்லை.

வலை வேறு ஒன்றையும் கொண்டுவரும் என்பதும் இங்கேதான் தெரிந்தது. 1869 இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் பொடி போல ஒரு பூஞ்சணம் கண்டார்கள். அப்போது பேராதனையின் அதிபராக இருந்த துவெய்ட்ஸ் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்ப, மைல்ஸ் பேர்க்லி அதற்கு ஹெமிலெயா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். பெயர் சில மாதங்களில் கிடைத்துவிட்டது, மருந்து கிடைக்கவில்லை. 1880களில் இலங்கையின் கோப்பி முடிந்தது. தனிச் செடி ஒன்றை ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டால் நோய்க்கு அது விருந்துதான். நாயுண்ணிச் செடியின் கதையும் இப்படித்தான்: அழகுக்காக 1826 இல் பேராதனை வழியாக வந்தது, இண்டைக்கு வேலியோரமெல்லாம் அதுதான்.

பேரரசின் வலைக்குப் பக்கத்திலேயே வேறொரு வழக்கம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. பூங்காக்கள் ஒவ்வொரு ஆண்டும் தங்களிடம் மிஞ்சியிருக்கிற விதைகளின் பட்டியலை அச்சடித்து மற்றப் பூங்காக்களுக்கு அனுப்பும். வேண்டியதைக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினால் விதை தபாலில் வரும், காசில்லை. அரசுகள் சண்டை போட்டாலும் பூங்காக்காரர்கள் விதை மாற்றிக்கொண்டார்கள். எங்களுக்கு இந்தப் பழக்கம்தான் இண்டைய வலையமைப்பின் உண்மையான மூதாதை என்று படுகிறது. கண்ணாடிப் பெட்டியை விட இந்தப் பட்டியல்.

1987 இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் கீழ் ஒரு சிறிய செயலகமாகத் தொடங்கியதுதான் பிஜிசிஐ என்கிற சர்வதேச தாவரவியல் பூங்காப் பாதுகாப்பு அமைப்பு. இப்போது 100க்கும் மேற்பட்ட நாடுகளில் 800க்கும் அதிகமான உறுப்பினர்கள். அலுவலகம் எங்கே என்று கேட்டால் சிரிப்பு வரும்: கியூ பூங்காவுக்குப் பக்கத்தில்! பழைய மையம் முழுக்க மறையவில்லை. ஆனால் வேலை மாறியிருக்கிறது. முன்பு கேள்வி, இந்தச் செடியை எங்கே நட்டால் காசு வரும் என்பது. இப்போது கேள்வி, இந்தச் செடி கடைசியாக எங்கே உயிரோடு இருக்கிறது என்பது.

இந்த இரண்டாவது கேள்விக்குத் தனிப் பூங்கா எதுவும் பதில் சொல்ல முடியாது. தொரோமிரோ மரத்தைப் பாருங்கள். பசிபிக் கடலின் நடுவில் இருக்கிற ஈஸ்டர் தீவில் மட்டும் வளர்ந்த சின்ன மரம். ஆடும் மாடும் தின்று, ஆட்கள் வெட்டி, கடைசியில் ரானோ கவ் எரிமலைப் பள்ளத்துக்குள் ஒரே ஒரு மரம் நின்றது. 1960 அளவில் அதுவும் போனது. அதற்கு முன், 1950களின் நடுவில் தீவுக்குப் போன நோர்வேக்காரர் தோர் ஹெயர்டால் அதிலிருந்து விதை எடுத்து வந்திருந்தார். சுவீடனின் கோதன்பேர்க் பூங்கா அதை முளைக்கவைத்தது. சிலியின் வின்யா டெல் மாரிலும் வேறு வழியாக வந்த மரங்கள் இருந்தன. யாரிடம் எது இருக்கிறது, எவை ஒரே தாயின் பிள்ளைகள், எவை வேறு என்பது தெரிந்தால்தான் அடுத்த தலைமுறையைச் சரியாக வளர்க்கலாம். அதற்காகப் பூங்காக்கள் 1994 இல் ஒரு குழுவாகச் சேர்ந்தன. 1990களில் தீவில் திரும்ப நட்டவற்றில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மண் மாறிவிட்டிருந்தது. ஆனாலும் மரம் இருக்கிறது. திரும்ப முயற்சி செய்ய ஏதோ ஒன்று கையில் இருக்கிறது.

கையில் இருந்தும் போதாமல் போன கதையும் உண்டு. 1895 இல் தென்னாபிரிக்காவின் ங்கோயே காட்டில் ஜோன் மெட்லி வுட் ஒரு சைக்கட் மரத்தைக் கண்டார். அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்த இனத்தில் ஆண், பெண் தனித்தனி மரம். கண்டது ஒரே ஒரு ஆண். கிளைக்கன்றுகள் உலகப் பூங்காக்களில் இண்டைக்கும் கம்பீரமாக நிற்கின்றன, எல்லாம் அதே ஆண். பெண் மரம் இதுவரை கிடைக்கவில்லை. எத்தனை பூங்காவில் இருந்தாலும் அது ஒரே ஆள்தான். எண்ணிக்கை வேறு, பல்வகைமை வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கமுடியாது.

அதனால்தான் பிஜிசிஐயின் தரவுத்தளம் அந்த அமைப்பின் மிகப் பெரிய பயன் என்று நினைக்கிறோம். பூங்காக்கள் தங்களிடம் உயிரோடு இருக்கிற செடிகளின் பட்டியலை அதில் பதிகின்றன. ஆபத்தில் இருக்கிற இனம் ஒன்று எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எவரும் தேடிப் பார்க்கலாம். 2017 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இந்தத் தரவை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். 1,116 பூங்காக்களின் பதிவுகளில் குறைந்தது 105,634 இனங்கள் இருந்தன. அதாவது உலகத் தாவர இனங்களில் 30 சதவீதம். அழிவு ஆபத்தில் உள்ளதாக அறியப்பட்டவற்றில் 41 சதவீதம் ஏதோ ஒரு பூங்காவில் இருந்தது. கேட்க நல்லாத்தான் இருக்குது. ஆனால் அதே ஆய்வு சொன்ன மற்ற எண் எங்களைப் பற்றியது: பூங்காக்களில் இருக்கிற இனங்களில் 93 சதவீதம் வட அரைக்கோளத்துப் பூங்காக்களில்தான் இருக்கின்றன. எந்தப் பூங்காவிலும் இல்லாத இனங்களில் 76 சதவீதம் வெப்பமண்டலத்துக்குரியவை. செடி அதிகமாக இருக்கிற இடத்தில் பூங்கா குறைவு, பூங்கா அதிகமாக இருக்கிற இடத்தில் குளிர்! எங்கட செடி அங்கே கண்ணாடி வீட்டுக்குள்தான் வளரும். அதற்கு மின்சாரக் கட்டணம் கட்டவேண்டும்.

இந்த ஓட்டை தெரிந்ததே பட்டியல்கள் ஒன்றுசேர்ந்ததால்தான். மற்றப் பயன்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். சிறிய பூங்காக்களின் ஆட்களுக்குப் பயிற்சி கிடைக்கும். வெளிநாட்டில் நடப்பட்ட மரத்தில் புதிய பூச்சியோ நோயோ கண்டால், அந்த மரத்தின் தாய்நாட்டுக்கு முன்கூட்டியே தெரியவரும். கோப்பிக்கு அப்படி ஒரு முன்னெச்சரிக்கை இருக்கவில்லை. உலகத்தில் எத்தனை மர இனம் இருக்கிறது என்ற பட்டியலையும் இந்த அமைப்பே 2017 இல் ஒழுங்காகத் தொகுத்தது: 60,065. 2021 இல் வந்த கணக்கின்படி அவற்றில் 30 சதவீதம் அழிவு ஆபத்தில். புலி, யானை, திமிங்கிலம் பற்றி நாங்கள் அறிந்திருப்பதில் பாதிகூட மரங்களைப் பற்றி அறியவில்லை.

விக்ஹம் செய்தது மாதிரி இப்போது செய்யமுடியாது என்பதையும் இடையில் சொல்லிவிடுவோம். 1992 இன் உயிர்ப் பல்வகைமை உடன்படிக்கை, செடியின் மேல் அந்த நாட்டுக்கு உரிமை உண்டு என்றது. 2010 இன் நகோயா நெறிமுறை, பயன் கிடைத்தால் பங்கு கொடுக்கவேண்டும் என்றது. நல்லது. ஆனால் கடிதத் தாள்கள் கூடியதால் பூங்காக்களுக்கு இடையில் விதை மாற்றுவது முன்னைவிடக் கடினம் என்று பூங்காக்காரர்களே முறையிடுகிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. 38 பெட்டி இறக்கின தீவில் பிறந்த நாங்கள், கொஞ்சம் தாமதமானாலும் கேட்டு எடுப்பதே சரி என்ற பக்கம்தான் நிற்போம்.

இப்ப எங்கட கரைக்கு வருவோம். பள்ளிவாசல்துறையிலிருந்து பேராதனைக்குப் போக ஒரு நாளில் பாதி போய்விடும். தூரத்தை விடுங்கள், அங்கே இருக்கிற காலநிலையே வேறு. பேராதனை, ஹக்கலை, ஹெனரத்கொட மூன்றும் மழை பெய்கிற இடங்கள். தோட்டப் பயிருக்காக வந்த பூங்காக்கள் தோட்டப் பயிர் வளர்கிற இடத்தில்தான் இருக்கும். தீவின் பெரும்பகுதியான உலர் வலயத்துக்கென்று ஒரு தாவரவியல் பூங்கா வர 2013 ஆனது. அதுவும் அம்பாந்தோட்டை மிரிஜ்ஜவிலவில், எங்களுக்கு நேர் எதிர் மூலையில்.

புத்தளம் கரைச் செடிகள் பெரும்பாலும் எங்களுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. பாலை, வீரை, முதிரை எல்லாம் தமிழ்நாட்டுக் கரையிலும் உண்டு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஓரோவிலில் 2000 ஆம் ஆண்டு தொடங்கிய 50 ஏக்கர் தாவரவியல் பூங்கா, அந்த உலர் பசுமைக் காட்டைத்தான் திரும்ப வளர்க்கிறது. வேறெங்கும் இல்லாத அபூர்வச் செடி என்றால் ஆய்வாளர்கள் சிங்கராஜாவுக்கு ஓடுவார்கள். உமரியும் தில்லையும் பார்க்க எவர் வருவார்? அபூர்வம் இல்லை என்பதாலேயே எங்கட செடிகள் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன.

வெளியே நின்றால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்குக் கண்டலைக் காட்டலாம். 80களிலும் 90களிலும் இறால் பண்ணைகளுக்காகப் புத்தளம் மாவட்டக் களப்போரங்களில் கண்டல் அழிந்தது. பிறகு வெள்ளைப்புள்ளி நோய் வந்து, பண்ணைகள் பல கைவிடப்பட்டுக் காய்ந்த குளங்களாகக் கிடந்தன. சுனாமிக்குப் பின் நாடு முழுக்கக் கண்டல் நடும் அலை வந்தது. நடுகிற படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. 2017 இல் வெளியான ஓர் ஆய்வு 23 இடங்களைப் போய்ப் பார்த்தது. நட்டது ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டயர். உருப்படியாக மிஞ்சியது 200 முதல் 220 ஹெக்டயர். 9 இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை. காரணம் பெரும்பாலும் எளியது: பொருந்தாத இடத்தில், பொருந்தாத இனத்தை நட்டார்கள். நீளமான காய் இருக்கிற கண்டல் இனத்தை எடுத்து நடுவது லேசு என்பதால் எல்லா இடத்திலும் அதையே குத்தினார்கள். நட்டபின் பார்க்க ஆளில்லை. எந்தக் களப்பில், எந்த உப்பில், எந்த நீர்மட்டத்தில் எது முன்பு நின்றது என்ற பதிவு கையில் இருந்திருந்தால், அந்தப் பணத்தில் ஒரு பங்காவது மிஞ்சியிருக்கும்.

ஆரம்பம் இல்லாமல் இல்லை. இதே மாவட்டத்தில், சிலாபத்துக்கு அருகே பம்பலையில், 2016 இல் ஒரு கண்டல் அருங்காட்சியகம் திறந்தார்கள். சுதீச என்ற சிறுமீனவர் அமைப்பும் அமெரிக்காவின் சீகொலஜியும் சேர்ந்து செய்த திட்டத்தின் பகுதி அது. கண்டலைக் காப்பவர்களாகக் கரையோரப் பெண்களை முன்னால் நிறுத்திய திட்டம். பேராதனை அளவுக்குப் பெரிதாக இருக்கத் தேவையில்லை என்பதை அது காட்டுகிறது.

சாயவேரையும் இங்கே சொல்லவேண்டும். மணலில் படர்கிற சின்னச் செடி. வேரில் சிவப்புச் சாயம். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இதைத் தோண்டவென்றே ஆக்கள் இருந்தார்கள். ஒல்லாந்தர் அந்த உரிமையைக் குத்தகைக்கு விட்டுக் காசு பார்த்தார்கள். 1869 இல் செயற்கை அலிசரின் சாயம் சந்தைக்கு வந்தபின் வேருக்கு விலை இல்லை. செடி இன்னும் மணலில் இருக்கிறது. கையில் கொடுத்தால் எங்களில் எத்தனை பேர் பெயர் சொல்வோம்? ட்ரைமன் 1893 முதல் வெளியிட்ட இலங்கைத் தாவர நூலில் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரும் இருக்கும். அந்தப் பெயர்களைச் சொன்னவர்கள் எங்கட கரையோர ஆக்கள்தான். நூல் இருக்கிறது, சொன்ன வாய்கள் போய்விட்டன.

2012 செம்பட்டியலில் அழிந்துபோனதாக எழுதப்பட்ட குருடியா சைலானிக்கா என்ற மரம், 2019 இல் கம்பஹா தரலுவையில் ஒன்று உயிரோடு நிற்பது தெரியவந்தது. 2021 இல் அதிவேகப் பாதைக்காக அதை வெட்டப் பார்த்தார்கள். உலகத்தின் ஒரே மரம் என்று செய்திகள் வர, எதிர்ப்பு எழுந்து வெட்டு நின்றது. ஊர்ச் சனம் சத்தம் போட்டதால் தப்பிய மரம். பெயரே தெரியாத செடிக்காக யாரும் சத்தம் போடமாட்டார்கள்.

பூங்கா கட்டக் காணியும் கோடிப் பணமும் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கையை விரிக்கவேண்டியதில்லை. ஒரு பாடசாலை வளவின் மூலையில் பத்து இனம் போதும். ஒவ்வொன்றுக்கும் இலக்கம், எடுத்த இடம், எடுத்த திகதி, ஊர் ஆக்கள் சொன்ன பெயர், அந்தப் பெயரைச் சொன்னவரின் ஒப்புதல். பேராதனைக்கு ஒரு காய்ந்த மாதிரியை அனுப்பி இனத்தை உறுதி செய்யலாம். பட்டியல் ஒழுங்காக இருந்தால், சிறிய தொகுப்பும் உலகத் தரவுத்தளத்தில் ஒரு வரியாகச் சேரலாம். நாங்கள் முதலில் எழுத நினைத்திருக்கிற பத்தில் உமரி, தில்லை, கண்ணா, பாலை, வீரை, சாயவேர் இருக்கின்றன. மிச்சம் நாலையும் வாசிக்கிற நீங்கள் சொல்லுங்க, உங்கட உம்மம்மாவிடம் கேட்டு.